ஒன்றேகால் அங்குலம்

ஆனி மாதக் கடைசி நாளில், ஒரே பகலில், ஒரு காரை இரண்டு பக்கமும் அறுத்துப் போட்டவன் ஒத்தக்கடையில் ஒருத்தன்தான். பேச்சிமுத்து. டிங்கர் வேலை. மேலூர் ரோட்டில் என் பெயிண்டுக் கடைக்கு நேர் எதிரே அவன் செட். மத்தியானம் ஆனால் தூக்குவாளியோடு ரோட்டைத் தாண்டிப் போய் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவன் மனைவி பாண்டிமீனா வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகத்தான் ஓடுகிறேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும், உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

செட்டில் அவர்கள் மூன்று பேர். பேச்சிமுத்துவுக்குத் தகரம், மீனாவின் தம்பி கருப்புக்கு வெல்டிங், மீனாவுக்குத் தையல். ஆட்டோ டாப், லாரித் தார்ப்பாய், பஸ் சீட் என்று எல்லாம் தைப்பாள். ஆனையூரிலிருந்தும் பரவையிலிருந்தும் ஆட்டோக்காரர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் தைத்த டாப் ஒழுகியதாக நான் கேட்டதில்லை. வாய்தான் சும்மா இருக்காது. புருசனை ஒரு வார்த்தை சொல்லாமல் ஊசியில் நூல் கோக்க மாட்டாள். அவனும் அந்த ஒரு வார்த்தை விழுந்தால்தான் சுத்தியலை எடுப்பான்.

கார் ஒரு அமெரிக்கப் பேக்கார்டு, முப்பத்தேழாம் வருசத்து வண்டி. தகரக் கூரை கிடையாது. துணி டாப்பை வேண்டும்போது இழுத்து மூடலாம், வேண்டாதபோது பின்னால் மடக்கிப் போடலாம். கதவு இரண்டுதான், ஒவ்வொன்றும் வீட்டு நிலைக்கதவு கனம். முஜிபுர் ரஹ்மான் பாயின் தாத்தா மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. பாய்க்கு மதுரையில் விளக்குத்தூண் பக்கம் மொத்த ஜவுளி வியாபாரம். குடோனில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் நாற்பது வருசம் கிடந்ததைப் போன மாசியில் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து செட்டு வாசலில் இறக்கினார். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அடித்தகரத்தை விரலால் தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. இஞ்சினை மட்டும் பாய் தனியாக ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருந்தார்.

"கோயமுத்தூர்ல இதுக்குன்னே பெரிய ஆளுக இருக்காகளே பாய். எங்ககிட்ட ஏன்?" என்று பேச்சிமுத்துவே கேட்டான்.

"அவுங்க புதுசா ஒரு காரச் செஞ்சு குடுத்துருவாங்க பேச்சி. எனக்கு இந்தக் காருதேன் வேணும். எதெல்லாம் நல்ல இரும்போ அது இருக்கட்டும். துருவ மட்டும் எடு." பிறகு மீனாவைப் பார்த்தார். "டாப்ப நீதேன் தைக்கணும்மா. என் ஆட்டோக்காரன் சொன்னான், ஒங்கையில தச்சது ஒழுகாதுன்னு."

மீனா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆட்டோ டாப் தைக்கிறவளுக்குப் பேக்கார்டு டாப்பா என்று சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதுவும் அவள் காதுக்குப் போனது.

பேச்சிமுத்துவின் வேலையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவன் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்தவர். இவன் பதினாலு வயதில் லாரி பாடி கட்டும் செட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஒடுக்கு எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஒரு பழைய பனியன் துணியைத் தகரத்தில் போட்டு அதன் மேல் உள்ளங்கையை ஓட்டுவான். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். உள்ளே ஒரு இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளியிலிருந்து மரச்சுத்தியால் தட்டுவான். அடிப்பது என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். முன் மட்கார்டு இரண்டையும் அப்படியே பங்குனி, சித்திரை இரண்டு மாதம் தட்டி எடுத்தான். பள்ளத்தை நிரப்ப நான் விற்கும் பட்டியை அதற்கு அவன் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. வியாபாரிக்கு நஷ்டம்தான், ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்கு ஆனி கடைசியில் சறுக்கியது.

கதவுகளுக்கு அடியில், முன்னாலிருந்து பின்னால்வரை ஓடும் பெட்டித் தகரம் இரண்டு பக்கமும் மக்கிவிட்டது. பாடியைச் சேசிஸ் என்ற அடிச்சட்டத்திலிருந்து தூக்கி நாலு மூலைக்கும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் அறுத்து, புதுசை வைத்துப் பற்றவைத்த பிறகு மறுபக்கம் போவதுதான் முறை. ஆனால் விடிந்தால் ஆடி.

"ஆடியில புதுசா ஒரு வேலையத் தொடங்கக் கூடாதுங்க," என்றாள் மீனா. "அறுக்குறத பூராம் இன்னைக்கே அறுத்துப் போடுங்க. ஆடியில ஒட்டுற வேலைய மட்டும் பாக்கலாம்."

"ஒரு பக்கம் அறுத்தாலே தொடங்குன கணக்குத்தேன் யக்கா," என்றான் கருப்பு.

"அங்கிட்டு ஒரு வேலை, இங்கிட்டு ஒரு வேலைடா. ஒனக்கு என்ன தெரியும்?"

பேச்சிமுத்து நூறு அம்பாசிடர் அறுத்தவன். அதிலெல்லாம் மேலே தகரக் கூரை இருந்து இரண்டு பாதியையும் பிடித்துக்கொள்ளும். இதில் கூரை இல்லை என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவசரத்தில் கைக்கு மறந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் அறுத்தான். பிடிப்பில்லாமல் பாடியின் நடு, யாருக்கும் தெரியாமல் அரை அங்குலம் கீழே தொங்கிவிட்டது. அந்தத் தொங்கலோடேயே ஆடி முதல் வாரத்தில் புதுத் தகரத்தைப் பற்றவைத்து முடித்தார்கள்.

நடு தொங்கினால் என்ன ஆகும் என்றால், விரித்த புத்தகத்தை நடுவில் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள். இரண்டு அட்டையும் மேலே நெருங்கி வரும். அதேபோல முன் கண்ணாடிச் சட்டமும் பின்பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. அதைத்தான் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பெயிண்டு அடிக்க முடியுமா? ரோட்டுப் புழுதி பூராவும் காரில்தான் வந்து உட்காரும். அதனால் பெயிண்டுக்கு முன்பே டாப்பை முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். பாய் துணியோடு வந்தார். லண்டனில் இருக்கும் அவர் மச்சான் தேடிப் பிடித்து அனுப்பியது, காய்ந்த புகையிலை நிறம், கெட்டித் துணி.

"இம்புட்டுத்தேன் இருக்கு. அந்த மில்லுல இந்தக் கலர நிப்பாட்டிட்டாங்களாம்," என்று மீனாவின் கையில் கொடுத்தார். "கத்திரி வைக்கிறதுக்கு முந்தி ஏழு தடவ அளந்துக்கம்மா."

"எட்டுத் தடவ அளக்குறேன் பாய்."

எட்டுத் தடவைக்கு மேலேயே அளந்தாள். முதலில் பழைய வேட்டித் துணியில் முழு டாப்பையும் வெட்டி, டாப்பைத் தாங்கும் மர வில்கள் நாலின் மேலும் போட்டு, குண்டூசி குத்திக் குத்திப் பார்த்தாள். பிறகுதான் நல்ல துணியில் கத்திரி வைத்தாள். ஒருமுறை ஊசி ஏறினால் அந்த ஓட்டை மூடாத துணி அது. மெழுகு தேய்த்த நூல், இரட்டைத் தையல், மூன்று வாரம். ஆனால் அளந்ததெல்லாம் அந்தத் தொங்கின காரின் மேல்தானே. அவள் அளவில் ஒரு மயிரிழை தப்பில்லை, காரில்தான் தப்பு.

அந்த நாட்களில் பேச்சிமுத்து என் கடைக்கு மூன்று தடவை வந்து ரப்பர் பேக்கிங் வாங்கினான்.

"எதுக்குப்பா இம்புட்டுப் பேக்கிங்?"

"சும்மாண்ணே. பாடிய சேசிஸ்ல ஒக்கார வைக்கயில கொஞ்சம் மட்டத்துக்கு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நேரான சேசிஸில் வளைந்த பாடியை வைத்தால் நடு உட்காரும், முனைகள் தூக்கி நிற்கும். அந்த இடைவெளிக்குத்தான் பேக்கிங் போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டால் சண்டை வருமோ என்று சும்மா இருந்துவிட்டேன்.

டாப் முடிந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மீனா முன் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கியை மாட்டி இழுத்தாள். துணி தோல் போல இறுகி உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அவள் பின்னால் நாலடி நகர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். அவன் எதையோ சொல்லத்தான் பக்கத்தில் வந்தான். கையில் அரம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். "ஏ, நல்லாருக்கு புள்ள," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

பாய் அந்த வாரம் மலேசியா கிளம்பிப் போனார். மகள் ருமானாவுக்குத் தலைப்பிரசவம். இரண்டு மாதம் கழித்துத்தான் வருவேன் என்றார்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். பேச்சிமுத்து கெட்டிக்காரப் புளுகனும் இல்லை. ஆவணி பிறந்து நாலாம் நாள், ஆள் பாரம் ஏறினால் டாப் எப்படி நிற்கிறது என்று பார்க்க, மீனா என்னையும் கருப்பையும் காருக்குள் உட்காரச் சொல்லித் தானும் ஏறினாள். கதவை இழுத்துச் சாத்தினால் சாத்திக்கொண்டது. திறக்க மட்டும் வரவில்லை. கருப்பு தோளால் முட்டினான், நான் காலால் உதைத்தேன். கடைசியில் டாப்பைக் கழற்றி, கதவின் மேல் ஏறிக் குதித்தோம். என் வயதுக்கும் தொப்பைக்கும் அது பார்க்கக்கூடிய காட்சி இல்லை.

மீனா குதித்த இடத்திலேயே குனிந்து கதவின் விளிம்பைப் பார்த்தாள். மேல் முனையில் தகரம் பளபளவென்று இருந்தது.

"இது எப்ப ராவுனது?"

பேச்சிமுத்து குனிந்து சுத்தியலைத் தேடினான்.

"ஒங்களத்தேன் கேக்குறேன். அரத்த வச்சு ராவிருக்கீங்க. ரெண்டு நூலு, கால் இஞ்சு கொறஞ்சிருக்கு."

"கதவு மேல புடிச்சுச்சு. ராவுனேன்."

"ஏன் புடிச்சுச்சு?"

சோற்றுக்கு உட்காரும் நேரம். யாரும் உட்காரவில்லை. அவள் மிஷின் மேசையிலிருந்து சணல் உருண்டையை எடுத்து, ஒரு முனையைக் கருப்பிடம் கொடுத்துக் காரின் அடியில் முன்னாலிருந்து பின்னால்வரை இழுத்துப் பிடித்தாள். சணல் நேராக நின்றது, கார் நிற்கவில்லை. நடுவில் அந்த அரை அங்குலம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"நிமித்துனா மேல எம்புட்டு விரியும்?" என்று கேட்டாள்.

"ஒன்னேகால் இஞ்சு."

"டாப்பு?"

"பத்தாது மீனா." அவன் ராவின விளிம்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "துணியும் இல்ல. அதேன் ராவுனேன். கதவ யாரு குனிஞ்சு பாக்கப் போறா? எல்லாரும் டாப்பத்தேன் பாப்பாக. அம்புட்டு நல்லா தச்சிருக்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். சத்தமில்லாமல் அழுகிறவள் இல்லை அவள். ரோட்டில் போன பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் நான் என் திருவாயைத் திறந்தேன்.

"அவன் சொல்றதும் நாயந்தானம்மா. இன்னும் ஒரு நூலு ராவிட்டா கதவு தொறந்துரும். யாருக்குத் தெரியப் போகுது?"

"நீங்க சோத்தத் தின்னுட்டுக் கடையப் போயிப் பாருங்கண்ணே," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இதுல பாய் மட்டுமா போகப் போறாரு? வீட்டுக்காரம்மா அஜ்மல் பீவி அக்காவ ஏத்திக்கிட்டுத்தேன் போவாரு. அவுக முட்டு வலிக்காரக. நடுரோட்டுல கதவு மாட்டிக்கிட்டா நம்மள மாதிரி ஏறிக் குதிப்பாகளா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்க ரெண்டு பேரும்."

"மூணு வாரம் தச்சது புள்ள," என்றான் பேச்சிமுத்து.

"நாந்தான தச்சேன்? நாந்தான ஆடிக்கு முந்தி அறுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னேன்? எனக்காக ராவுனீங்கன்னு தெரியுது. எனக்காகவே நிமித்துங்க."

சொல்லிவிட்டுப் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். டாப்பைத் தானே பிரித்தாள், வேறு யாரையும் தொட விடவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் அந்தச் செட்டில் நடந்த வேலையைப் போல நான் பார்த்ததில்லை. பாடியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, கதவு இருக்கும் இரண்டு வாய்க்கும் குறுக்கே, திருகினால் நீளும் இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தான் பேச்சிமுத்து. இந்தத் தடவை ஒரு பக்கம் மட்டும் அறுத்தான். நடுவில் இரண்டு ஜாக்கி. ஒரே மூச்சில் தூக்கினால் தகரம் கிழியும் என்று, விடிகாலையில் வெயில் ஏறுமுன் ஒரு நூல், மறுநாள் ஒரு நூல் என்று நாலு காலை தூக்கினான். எட்டு நூல் ஓர் அங்குலம். அரை அங்குலத்துக்கு நாலு நாள். ஒவ்வொரு தடவையும் சணலைப் பிடிப்பது மீனா. "இன்னும் ஒரு மயிரிழ. போதும், போதும்ங்கிறேன்ல," என்று அவள் கத்துவாள், அவன் கையை எடுப்பான். பிறகு மறுபக்கமும் அதேபோல அறுத்துப் பற்றவைத்தான். ராவின கதவு விளிம்பில் கருப்பு பொட்டுப் பொட்டாக இரும்பை ஊற்றி வளர்த்துக் கொடுத்தான். குழாய்களை அறுத்தெடுத்துவிட்டுக் கதவை மாட்டி ஒரு விரலால் தள்ளினார்கள். ஒரே ஒரு சத்தம், கனமாக. நாங்கள் நாலு பேரும் மாறி மாறிப் பத்துத் தடவை திறந்து திறந்து சாத்தினோம்.

இனி டாப். வெட்டின மிச்சத் துணியை எல்லாம் மீனா கோரைப்பாயில் பரப்பினாள். காரின் முழு அகலத்துக்கும் வரக்கூடியதாக ஒரே ஒரு நெடுந்துண்டு இருந்தது. அகலம் இரண்டேகால் அங்குலம். இரண்டு ஓரத்திலும் மடித்துத் தைக்க அரை அரை அங்குலம் போனால் மிஞ்சுவது சரியாக ஒன்றேகால். ஒரு தடவை ஊசி கோணினால் வேறு துணி கிடையாது.

"ஒட்ட முன்னால போடு," என்றான் பேச்சிமுத்து. "கண்ணாடிக்கு மேல பட்டி வரும்ல, அதுக்குள்ள போயிரும். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

"காத்து எங்கிட்டு அடிக்கும்? முன்னால. துணி இழுபடுறதும் முன்னால. ரெண்டு வருசத்துல ஊசி ஓட்டை வாயத் தொறந்துரும். பின்னால, சின்னக் கண்ணாடிக்கு மேல போட்டாத்தேன் நிக்கும். ஓடு வேயுற மாதிரி மேல்துணி ஏறி, கீழ்துணி அடங்கி இருக்கணும்."

"பின்னால வர்றவன் பூராம் பாப்பானே. ஒன்னத்தான சொல்லுவாக."

"பாக்கட்டும். நனையாம இருக்கத்தான டாப்பு?"

மிஷினை நம்பாமல் கையாலேயே தைத்தாள், ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவள் புருசனை ஒரு வார்த்தை வையவில்லை. செட்டே வெறிச்சென்று இருந்தது. பாய் மலேசியாவிலிருந்து போனில் கேட்கும்போதெல்லாம் பேச்சிமுத்து "நல்லாப் போகுது பாய்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். சொல்லிருங்க என்பாள் மீனா. நேர்ல சொல்லிக்கிறேன் என்பான்.

புரட்டாசியில் காற்று அடங்கியதும் பெயிண்டு அடித்தோம். கருநீலம். கலவை நான் போட்டது. ஏழு கோட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. முடிந்து வெயிலில் தள்ளி நிறுத்தியபோது யானைமலை முழுசாக அதன் கதவில் தெரிந்தது. கடைத்தெருவில் சிரித்த நாலு பேரும் வந்து போட்டோ பிடித்தார்கள். பின்பக்கம் போன ஒருத்தன், "என்னாண்ணே, புதுத் துணியில ஒட்டு?" என்றான். மீனா கேட்டும் கேளாததுபோல இருந்துவிட்டாள்.

ஐப்பசி முதல் வாரம் பாய் வந்தார். காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண் கலங்கியது. அப்புறம் ஜவுளிக்காரர் புத்தி, பெயிண்டைத் தொடாமல் துணியைத் தொட்டார். முன்னாலிருந்து தடவிக்கொண்டே போனவர் பின்னால் போய் நின்றார். பெருவிரல் அந்த ஒட்டின் மேல் இருந்தது.

"பாய்," என்று மீனா வாயெடுத்தாள்.

"நான் சொல்லுறேன்," என்று பேச்சிமுத்து முன்னால் வந்தான். "எந்தப்பு பாய். ரெண்டு பக்கமும் ஒன்னா அறுத்துட்டேன், பாடி தொங்கிருச்சு. அது தெரியாம மீனா டாப்பத் தச்சுருச்சு. எனக்குத் தெரிஞ்ச பொறகும் கதவ ராவி மறைக்கப் பாத்தேன். மீனாதேன் பிரிக்கச் சொல்லி நிமித்த வச்சுச்சு. துணி பத்தல."

"ஆடிக்கு முந்தி அறுக்கச் சொன்னது நான் பாய்."

"நீ சும்மாரு. கையில கிரைண்டர் வச்சிருந்தது நானு."

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க," என்றார் பாய். முகம் சிவந்திருந்தது. "போன்ல கேட்டேன்ல பேச்சி? எத்தன தடவ கேட்டேன்? நல்லாப் போகுது, நல்லாப் போகுதுன்ன. ஒட்டு உள்ள போற மாதிரி துணிய மடிச்சுக் காட்டுற யாவாரிய நான் கடைக்குள்ளயே விடுறதில்ல. நீ அந்த வேலையப் பாத்திருக்க."

பேச்சிமுத்து தலைகுனிந்து நின்றான். அவன் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த நேரத்தில்தான் கூடியது. ஒரு சாக்கும் சொல்லவில்லை.

"இது ஒழுகுமாம்மா?"

"ஒழுகாது பாய்," என்றாள் மீனா.

"ஒழுகுனா டாப்ப மட்டும் கழட்டிக் கோயமுத்தூருக்கு அனுப்பிருவேன். அவுங்க வேற துணியில தைக்கட்டும். வருத்தப்படக் கூடாது."

மீனாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் சரி என்று தலையாட்டினாள்.

மேலூர்ப் பக்கம் ஏற்கனவே கறுத்துக் கிடந்தது. பாய் காரை வெளியே எடுத்து ரோட்டோரத்தில் வானம் பார்க்க நிறுத்தினார். என்னை முன்னால் உட்காரச் சொன்னார். பேச்சிமுத்துவும் மீனாவும் பின் சீட்டில் ஏறினார்கள். கதவு ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டது. பாய் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு மதுரையில் நிதானம் கிடையாது. துணியின் மேல் விழுந்த சத்தத்தில் பேச முடியாது. முன்னால் இருந்த புளியமரம் மறைந்தது, என் கடை மறைந்தது. பாய் தலையைத் திருப்பி அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து உள்ளங்கையை மேலே தூக்கி, தொட்டும் தொடாமலும் அதற்கு அடியில் பிடித்திருந்தான். ஒரு சொட்டு விழுந்தால் தன் கையில் விழட்டும் என்று நினைத்தானோ என்னவோ. கால் மணி நேரம் போயிருக்கும். மீனா மேலே பார்க்கவே இல்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

பாய் சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி எட்டி, ஒட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை இழுத்தார். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், ஈரமில்லை; சட்டையில் துடைக்காமலே ஸ்டியரிங்கில் வைத்தார். வண்டியைக் கிளப்பினார்.

"எங்க பாய்?" என்றேன்.

"வீட்டுக்கு. அஜ்மல் காத்துக்கிட்டு இருப்பா. மீனாம்மா, நீயும் வா. இதத் தச்சது யாருன்னு அவ கேப்பா."

கார் நகர்ந்தது. பின்னால் பேச்சிமுத்து இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தான். மீனா கண்ணைத் திறந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"கைய எறக்குங்க. அது தாங்கும்."

இறக்கின கையை அவள் விடவில்லை. உள்கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. வைவாள் வைவாள் என்று பார்த்தேன், வையவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மழையைப் பார்க்க ஆரம்பித்தேன்.